பயத்துக்கு அம்மை குத்துவது

ஆடி ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வரிசை அசைந்துகொடுக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி, வேப்பிலைக் கொத்தைப் பேத்தியிடம் கொடுக்கத் திரும்பியபோது ரவிக்கைக் கை கொஞ்சம் மேலேறியது. மேல்கையில் அடுத்தடுத்து இரண்டு வட்டத் தழும்புகள். பழைய பத்துப் பைசா அகலம். நடுவில் தோல் சுருங்கிச் சின்னச் சின்னக் குழிகள்.

“இது என்னா ஆயா, சூடு போட்டாங்களா?”

“அம்மை குத்துனதுடி. பள்ளிக்கூடத்துக்கே வந்து குத்துனாங்க. நான் செவுரேறிக் குதிச்சி ஓடிட்டேன். தொரத்திப் புடிச்சாந்து குத்துனாங்க.”

“ஊசிக்குப் பயந்து செவுத்துலேர்ந்து குதிச்சியா? அதுக்கு ஊசியே தேவலாமே!”

பாட்டியும் சிரித்துவிட்டார். வரிசை நாலடி நகர்ந்தது.

எனக்கு அந்தச் சுவரும் அந்தத் தழும்பும் மனசில் ஒட்டிக்கொண்டன. சுவரிலிருந்து குதிப்பது ஒரு பயம், ஊசி இன்னொரு பயம். இரண்டையும் தன் ஒரே வாழ்நாளில் தொழிலாகவே செய்த ஒரு தமிழர் இருந்தார். இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவர் அவர். பிற்காலத்தில் பெரியம்மையை ஒரு நாட்டிலிருந்தே துரத்தும் வேலைக்குத் தலைமை தாங்கினார். பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். வேலப்பன்சாவடியில் ஏறி மேற்கே போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வருகிற அந்த ஆற்காடுதான் அவர் பெயரின் முதல் சொல்.

முதல் குதிப்பு

1941. இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியப் பாராசூட் படைகள் அந்த ஆண்டு மே மாதம் கிரீட் தீவை வானிலிருந்து இறங்கிப் பிடித்தன. பிரிட்டிஷ் இந்திய ராணுவமும் தனக்கென ஒரு பாராசூட் படை வேண்டும் என்று அக்டோபரில் 50ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடைத் தொடங்கியது. அதில் மூன்று பட்டாலியன்கள்: 151 பிரிட்டிஷாருக்கு, 152 இந்தியருக்கு, 153 கூர்க்கருக்கு. பயிற்சிப் பள்ளி டெல்லியின் வில்லிங்டன் விமானத்தளத்தில் இருந்தது. இன்று அதற்கு சப்தர்ஜங் என்று பெயர்.

152ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி லெப்டினன்ட் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் இந்தியர்களில் முதலில் குதித்தவர்கள். ஒரு டாக்டர் ஏன் குதிக்க வேண்டும்? காரணம் எளிது. பட்டாலியன் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் இறங்கும். அங்கே ஆம்புலன்ஸ் வராது, சாலையே நம்முடையதாக இருக்காது. காயம்பட்டவனுக்கு மருத்துவர் வேண்டுமென்றால் அவரும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

அந்த ‘வாசல்’ எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பாராசூட் பயிற்சிக்குப் பயன்பட்ட விமானங்கள் சிலவற்றில் பக்கவாட்டுக் கதவு வழியாகக் குதிக்க முடியாது. விமானத்தின் தரையில் கிணற்று வாய் போல ஒரு வட்ட ஓட்டை. விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, நேராக நழுவ வேண்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் எதிர் விளிம்பில் முகம் மோதும். பிரிட்டிஷ் வீரர்கள் அதை ‘மணியடிப்பது’ என்று கேலியாகச் சொல்வார்கள். இன்றைக்கு எல்லா வீரரும் மார்பில் கட்டிக்கொள்ளும் இரண்டாவது, அவசரப் பாராசூட் அப்போது அவர்களுக்குக் கிடையாது. முதுகில் இருப்பது விரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எருக்கம் விதையின் கணக்கு

திருவேற்காட்டில் கூவம் ஓரமாக, இன்னும் வீடு முளைக்காத மனைகளில் எருக்கஞ்செடி தானாக வளர்ந்து நிற்கும். காய் வெடித்தால் உள்ளேயிருந்து பட்டுக் குஞ்சத்தோடு விதை பறக்கும். சின்ன வயதில் ‘தாத்தா பூச்சி’ என்று துரத்தியிருப்போம். விதை காற்றைவிடக் கனமானதுதான். குஞ்சத்தைப் பிய்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், கல் மாதிரி விழும். குஞ்சத்தோடு விட்டால் தெருமுனை வரை மிதக்கும். எடை மாறவில்லை. காற்றோடு அதற்குள்ள உறவு மாறிவிட்டது.

பாராசூட்டின் ரகசியமும் அவ்வளவுதான். விழும் உடலைப் பூமி கீழே இழுக்கிறது, காற்று மேலே தள்ளுகிறது. இழுப்பு மாறாதது. தள்ளுதலோ வேகம் கூடக் கூட வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும்: வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. இதை முனைவேகம் என்கிறோம். பாராசூட் இல்லாமல் விழும் மனிதருக்கு இது மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். உயிர் தப்ப வழியில்லாத வேகம்.

அந்தக் காலத்துப் பாராசூட் குடையின் விட்டம் 28 அடி, கிட்டத்தட்ட எட்டரை மீட்டர். பரப்பு ஏறக்குறைய 57 சதுர மீட்டர். அதாவது ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் தரை முழுவதும் தலைக்கு மேல் விரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆளும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்றால், இந்தக் குடையின் கீழ் முனைவேகம் நொடிக்கு சுமார் 6 மீட்டராகக் குறைந்துவிடும்.

நொடிக்கு 6 மீட்டர் என்றால் எவ்வளவு? ஓராள் உயரச் சுவரிலிருந்து, சுமார் 1.8 மீட்டரிலிருந்து, குதிப்பவர் தரையைத் தொடும் வேகம் அதுதான். பாட்டி ஏறிக் குதித்த பள்ளிக்கூடச் சுவர்! வானத்திலிருந்து குதிப்பதை ஒரு துணி, சுவரேறிக் குதிப்பதாக மாற்றிக் கொடுக்கிறது.

குடையை விரிப்பது யார்? வீரர் இல்லை. விமானத்துக்குள் நீளவாக்கில் ஓடும் ஒரு கம்பியில் ஒவ்வொருவரும் தம் நாடாவின் கொக்கியை மாட்டிக்கொள்வார்கள். ஸ்டாட்டிக் லைன் என்று பெயர். ஆள் வெளியே விழும்போது அந்த நாடா இறுகி, பையிலிருந்து குடையை உருவி வெளியே எடுத்துவிட்டு, தான் விமானத்திலேயே தங்கிவிடும். கிணற்றில் வாளி விழ விழக் கயிறு உருளுமே, அது போல. மூன்று நான்கு நொடிக்குள் குடை காற்றை விழுங்கி விரியும். குடையின் உச்சியில் வேண்டுமென்றே ஒரு துளை வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால், உள்ளே அடைபட்ட காற்று விளிம்பில் ஒரு பக்கமாக வழிந்து குடையை ஊஞ்சலாட்டும். துளை வழியாகக் கொஞ்சம் காற்று மேலே கசிவதால் ஆட்டம் அடங்குகிறது.

ஆக, விரிக்கும் பொறுப்பு நாடாவுக்கு. வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு காற்றுக்கு. மனிதருக்கு மிஞ்சுவது இரண்டே வேலை: ஒன்று தரையிறங்குவது, மற்றொன்று வாசலைத் தாண்டி அந்த ஒரு காலடி வைப்பது. முதல் வேலைக்கு உடலைப் பழக்க வேண்டும். இரண்டாவதற்கு மனசை.

செங்கல் பிடிப்பவர் சொல்லிக்கொடுப்பது

நம் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். கீழே ஒருவர் செங்கல்லை மேலே வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். கவனித்துப் பாருங்கள். பிடிப்பவரின் கை கல்லை எதிர்த்து நிற்காது. கல் போகும் திசையிலேயே கூடக் கொஞ்சம் போய், அப்புறம்தான் நிறுத்தும். விறைப்பாகக் கையை நீட்டினால் விரல் நசுங்கும்.

பாராசூட் வீரர் தரையைத் தொடுவதும் இதே வித்தை. 100 கிலோ எடை நொடிக்கு 6 மீட்டரில் வருகிறது. முட்டியை விறைத்து நின்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள் எல்லாம் நின்றாக வேண்டும். எலும்பின்மீது விழும் சராசரி விசை ஏறக்குறைய நாலு டன் எடைக்குச் சமம். கணுக்கால் தாங்காது. அதையே அரை மீட்டர் தூரத்துக்குப் பரப்பினால் அரை டன்னுக்கும் கீழே வந்துவிடும்.

பரப்புவது எப்படி? இரண்டு காலையும் ஒட்டி, முட்டியை லேசாக மடக்கி, முன்பாதம் தரையில் பட்டதும் பக்கவாட்டில் சாய வேண்டும். முன்பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் ஓரம் என்று ஐந்து இடம் வரிசையாகத் தரையைத் தொடும். சக்கரம் உருள்வது போல. கீழே பார்க்கக் கூடாது என்பது முதல் பாடம். தரை நெருங்குவது கண்ணில் பட்டால் கால் தானாக முன்னே நீளும், நீண்ட கால்தான் முறியும். அதனால் உடல் யோசிக்காமலே சாயும்வரை நூறு முறை, இருநூறு முறை மண்ணில் விழுந்து பழகுவார்கள்.

பயத்தின் நேரத்தை மாற்றுவது

இப்போது அந்தக் காலடிக்கு வருவோம். சிவப்பு விளக்கு பச்சையாகிறது. காற்று காதைக் கிழிக்கிறது. வரிசையில் உங்கள் முறை. உடலின் ஒவ்வோர் அணுவும் ‘வேண்டாம்’ என்கிறது. அது கோழைத்தனம் இல்லை. உயரத்துக்குப் பயப்படாத மூதாதைகள் மரத்திலிருந்து விழுந்து செத்திருப்பார்கள்; பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அந்த நேரத்தில் நேரமே நீண்டுவிடும் என்று குதித்தவர்கள் சொல்வார்கள். நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மனும் குழுவினரும் 2007இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை மல்லாக்க வலையில் விழவைத்தார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை, பிறர் விழுந்ததைப் பார்த்துக் கணித்ததைவிட 36 சதவீதம் அதிகமாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது கண் ஒன்றும் அதிக வேகமாகப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் மின்னிய எண்களை வழக்கமான வேகத்துக்கு மேல் அவர்களால் படிக்க முடியவில்லை. பயம் நேரத்தை நீட்டுவதில்லை. நினைவை அடர்த்தியாக எழுதிவைக்கிறது. திரும்பிப் படிக்கும்போது பக்கம் அதிகமாகத் தெரிகிறது.

இந்தப் பயத்தைப் பயிற்சி என்ன செய்கிறது? 1960களில் சீமோர் எப்ஸ்டீன், வால்டர் ஃபென்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் பாராசூட்டில் குதிப்பவர்களைப் பின்தொடர்ந்தார்கள். குதிக்கும் நாளில் அடுத்தடுத்து இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றை அளந்தார்கள். புதியவர்களிடம் கோடு மேலே மேலே ஏறி, குதிக்கும் கணத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டது. பழகியவர்களுக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய கோடும் ஏறியது. ஆனால் முன்கூட்டியே ஏறி, முன்கூட்டியே இறங்க ஆரம்பித்தது. வாசலில் நிற்கும்போது ஏறக்குறைய இயல்புக்கு வந்துவிட்டார்கள். பயத்தின் அளவைவிட, அதன் நேரம்தான் இடம் மாறியிருந்தது.

நார்வே ராணுவத்தின் பாராசூட் பள்ளியில் 1970களில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் விமானத்துக்கு முன், பயிற்சிக் கோபுரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குதிக்கப் பழகுவார்கள். ஹோல்கர் உர்சினின் குழு அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தது. முதல் குதிப்பின்போது கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் எகிறியது. இரண்டாவது குதிப்பிலேயே அது சட்டென்று விழுந்துவிட்டது. உடலை முறுக்கேற்றும் அட்ரினலினோ ஒவ்வொரு குதிப்பிலும் வந்து நின்றது. ஒரே ஒரு அனுபவத்தில் உடல் இரண்டையும் பிரித்துக்கொண்டது: கலவரத்தை வழியனுப்பியது, விழிப்பை வைத்துக்கொண்டது.

இதைப் படிக்கும்போதுதான் பாட்டியின் தழும்பு எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. அம்மை குத்துவது என்றால் என்ன? பெரியம்மைக் கிருமிக்குத் தாயாதி உறவான, சாதுவான வைரஸ் ஒன்றைத் தோலில் கொஞ்சம் ஏற்றுகிறோம். கை வீங்கும், கொப்புளம் வரும், காய்ந்து தழும்பாகும். அந்தச் சிறு சண்டையில் உடல் எதிரியின் முகத்தைப் படித்து வைத்துக்கொள்ளும். நிஜமான கிருமி வரும் நாளில் திகைக்காது. பயிற்சிக் கோபுரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆபத்தின் ஒரு துளியை, சாகாத அளவில், முன்கூட்டியே கொடுக்கிறது. பயத்துக்கு அம்மை குத்துவது!

ஒப்புமை ஓரிடத்தில் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். தடுப்பூசியின் நினைவு பல ஆண்டு தாங்கும். குதிக்கும் பழக்கம் அவ்வளவு நாள் தாங்காது. இடைவெளி விட்டால் மறுபடி பழக வேண்டும். தைரியம் ஒரு முறை போட்டு விட்டுவிடும் ஊசி இல்லை. அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய கடன்.

குதிக்காமலே போராடியவர்கள்

குதிக்கப் பழகியவர்கள் எல்லாரும் குதிக்கவில்லை. 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை பர்மாவிலிருந்து மணிப்பூர் மலைகளுக்குள் நுழைந்தபோது, 50ஆவது பாராசூட் பிரிகேட் அங்கே பயிற்சியில் இருந்தது. 19ஆம் தேதி, 152ஆவது பட்டாலியனின் ஒரு கம்பெனி தனியாக ஒரு குன்றில் மாட்டிக்கொண்டது. மறுநாளுக்குள் அதில் பெரும்பாலோர் இல்லை. மீதிப் பிரிகேட் சாங்ஷாக் கிராமத்தில் 26ஆம் தேதி வரை முற்றுகைக்குள் நின்றது. அவர்கள் நிறுத்திவைத்த அந்த நாட்கள்தான் கொஹிமாவுக்கும் இம்பாலுக்கும் தயாராக அவகாசம் கொடுத்தன.

சாங்ஷாக்கில் தண்ணீர் இல்லை. தண்ணீரும் தோட்டாவும் மருந்தும் விமானத்திலிருந்து பாராசூட்டில்தான் வந்தன. அதே எருக்கம் விதைக் கணக்கு இங்கே எதிரியானது. 300 மீட்டர் உயரத்தில் போட்ட மூட்டை நொடிக்கு 6 மீட்டரில் இறங்க 50 நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் காற்று இருந்தால் அதற்குள் 250 மீட்டர் விலகிவிடும். சாங்ஷாக்கின் வளையமே சில நூறு மீட்டர்தான். பல மூட்டைகள் ஜப்பானியர் பக்கம் போய் இறங்கின. தாகத்தோடு பதுங்குகுழியில் கிடந்த இளைஞர்கள், தாங்களே பயன்படுத்தப் பழகிய குடை தங்கள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எதிரியிடம் மிதந்து போவதைப் பார்த்தார்கள்.

சிவந்த தொப்பிக்காரர்கள்

சுதந்திரத்துக்குப் பின் 1950இல் கொரியப் போர். போர்ப்படை அனுப்புவதில்லை என்று நேருவின் அரசு முடிவெடுத்தது, மருத்துவப்படையை அனுப்பியது. 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். தலைமை, லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். நவம்பரில் முந்நூற்றுச் சொச்சம் பேர் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். தலையில் பாராசூட் படையின் அரக்குச் சிவப்புத் தொப்பி.

போன சில நாட்களிலேயே சோதனை. சீனப் படை வெள்ளமாக வர, ஐ.நா. படைகள் பியோங்யாங்கைக் காலி செய்தன. ரங்கராஜ் குழுவுக்கு வண்டி இல்லை. கருவிகளை விட்டுவிட்டுப் புறப்படும்படி உத்தரவு. அறுவைக் கருவி இல்லாத மருத்துவப்படை எதற்கு உதவும்? ரயில்வே யார்டில் தேடி ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். படையிலேயே எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர்? ஆள் வரிசை கட்டி, கைக்குக் கை வாளி மாற்றி நிரப்பினார்கள். ஊரில் தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து நாம் செய்வது போல. பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன் கருவிகளோடு ஆற்றைக் கடந்துவிட்டார்கள்.

1951 மார்ச் 23. அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படை, சியோலுக்கு வடமேற்கே முன்சான் என்ற இடத்தில் குதித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள், 3,400க்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களோடு அரக்குச் சிவப்புத் தொப்பிக்காரர்கள் 12 பேர்: ரங்கராஜும் அவருடைய அறுவை சிகிச்சைக் குழுவும். ரங்கராஜ் முதல்முறை குதித்து ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது. மற்றவர்கள் தரை தொட்டதும் துப்பாக்கியைத் தேடினார்கள். இவர்கள் தேடியது மருந்துப் பெட்டியை.

இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. தன் உயிர் பதறும் நேரத்தில் கை நடுங்கலாம். துப்பாக்கிக்குப் பாதகமில்லை, அடுத்த தோட்டா இருக்கிறது. குதித்து எழுந்த அரை மணியில் ஒருவரின் ரத்தக்குழாயைக் கட்ட வேண்டியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழகியவர்களின் பயக்கோடு வாசலுக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறது என்றேனே, அதன் முழுப் பயனையும் இந்தக் கைகளில்தான் பார்க்கலாம். காயத்துக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் பிழைப்பவர் கூடுவார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவ நிலையங்களைச் சென்றடைந்த காயக்காரர்களில் நூற்றுக்கு நாலரைப் பேர் இறந்தார்கள். கொரியாவில் அது இரண்டரையாகக் குறைந்தது. களத்துக்குப் பக்கத்திலேயே அறுவைக்கூடம் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ரங்கராஜுக்கும், கொரியாவின் தேகு நகரில் படையின் இன்னொரு பகுதியை நடத்திய மேஜர் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. அந்தப் பிரிவு மூன்றரை ஆண்டு கொரியாவிலேயே இருந்தது. 20 ஆண்டு கழித்து, 1971 டிசம்பர் 11 மாலை, லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் சுமார் 700 இந்திய வீரர்கள் இன்றைய வங்கதேசத்தின் டாங்காயில் அருகே குதித்து, அன்று இரவே பூங்ளி பாலத்தைப் பிடித்தார்கள். ஐந்தாம் நாள் டாக்கா சரணடைந்தது. அந்த இரண்டு முதல் இந்தியர்கள் தொடங்கிய வரிசை அதுவரை நீண்டது.

மறுபடி ஊசிக்கு

ரங்கராஜின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் சீருடையைக் கழற்றிய பின் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1967இல் பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கத் தீவிர இயக்கம் தொடங்கியது. ஆப்கானிஸ்தானில் அதன் ஆலோசகராகப் போனவர் ஆற்காடு ரங்கராஜ்.

அங்கே சாலை குறைவு, பனி அதிகம். பெண்களும் குழந்தைகளும் வெளியாள் நுழைய முடியாத உள்வீட்டில் இருந்தார்கள். பெண் பணியாளர்கள் இல்லாமல் கதவு திறக்காது. அதோடு ஊர் ஊராகப் போய் நோயாளியின் அம்மைப் பொருக்கையே எடுத்து மற்றவருக்குக் குத்தும் பழைய வைத்தியர்களும் இருந்தார்கள். அந்த முறையும் பாதுகாப்புத் தரும். ஆனால் ஏறுவது நிஜக் கிருமி. குத்திக்கொண்டவர் பெரும்பாலும் பிழைப்பார், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொற்றலாம். அதே துளியை உயிருக்கு ஆபத்தில்லாததாக மாற்றியதுதான் தடுப்பூசியின் சாதனை.

கருவி எளிமையானது. இரண்டு முனையுள்ள சின்ன எஃகு ஊசி. மருந்தில் தோய்த்தால் இரு முனைக்கும் நடுவில் ஒரு துளி நிற்கும். தோலில் படபடவென்று 15 முறை குத்தினால் முடிந்தது. முன்பு ஒருவருக்குத் தேவைப்பட்ட மருந்து இந்த ஊசியால் நாலு பேருக்குப் போதுமானதாயிற்று. படிக்காதவருக்கும் சில நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். 1972க்குப் பின் ஆப்கானிஸ்தானில் உள்ளூர்ப் பெரியம்மை இல்லை. இந்தியாவில் 1975 மே மாதத்தோடு நின்றது. 1980இல் உலகமே விடுபட்டது என்று அறிவித்தார்கள்.

அவருடைய பழைய படைப்பிரிவு இன்னும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, இஸ்கெண்டெருனில் போய்க் கூடாரம் போட்டு மருத்துவமனை நடத்தியவர்கள் அதே 60ஆவது பாராசூட் பிரிவினர். ராணுவம் எங்கள் பகுதிக்கு அந்நியமில்லை. ஆவடியில் டாங்கி செய்கிறோம், ராணுவத்துக்குச் சீருடை தைக்கிறோம். காலையில் பருத்திப்பட்டு வழியாக அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலை போய்ச் சேரும் ஊரின் பெயரைத் தாங்கிய இந்த மனிதரை இங்கே பலருக்குத் தெரியாது.

வரிசை ஒருவழியாகச் சன்னிதிக்குப் பக்கத்தில் வந்தது. பெரியம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, ‘அம்மா இறங்கியிருக்கா’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணிக்கொண்டிருந்த தலைமுறையில் பாட்டி கடைசி ஆள். பேத்தி கையைக் கூப்பித் தலைக்கு மேல் உயர்த்தினாள். இடது மேல்கையில் பிறந்ததும் போடும் பிசிஜி ஊசியின் ஒற்றைப் பொட்டு மட்டும் தெரிந்தது. பத்துப் பைசா வட்டம் இல்லை. அந்த வெற்றுத் தோலுக்காகத்தான் ஒருவர் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்ட நாளிலிருந்து ஆப்கான் பனி வரை நடந்திருக்கிறார் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் பாட்டி அவள் நெற்றியில் திருநீற்றைப் பூசி, கண்ணில் விழாமல் இருக்கக் கையால் மறைத்து, ஊதிவிட்டார்.